வெட்டாமல் பொருத்துங்கள்

பழைய போர்ஷே 911 கார்களைப் பேணிவரும் அன்பர்களே,

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலைப்பொழுது, எங்கள் பட்டறையில் லிஃப்டின்மேல் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு 911 காரின் அடியில், கைவிளக்கை ஏந்தியவண்ணம் நான் நெடுநேரம் பேச்சற்று நின்றிருந்தேன். 1973ஆம் ஆண்டில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்து, நான்கு கைகள் மாறி, புதிய சொந்தக்காரர் ஒருவரிடம் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த வண்டி அது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்புறத்தில் ஏதோ தட்டுகிறது என்பதுதான் அவர் சொன்ன குறை. பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியோடு சேரும் இடத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அதன் நடுவே தலைமயிர் பருமனுள்ள ஒரு கோடு ஓடிற்று. கோட்டின் இரு கரைகளிலும் துருநீர் வழிந்து காய்ந்த தடம் இருந்தது. விரல் நகத்தை அதன்மேல் வைத்து இழுத்தேன். நகம் உள்ளே இறங்கிற்று.

முன்பு அவ்வண்டியை வைத்திருந்த ஒருவர், மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட புதிய சஸ்பென்ஷனை அதற்குப் பொருத்துவித்திருக்கிறார். அந்த வேலையை ஏற்ற பட்டறையினர், முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார்களைக் கழற்றி எங்கோ எறிந்துவிட்டு, காயில் ஸ்பிரிங் சுற்றிய ஷாக்குகளை மாட்டி, வண்டியின் பின்பாரம் முழுவதையும் அந்த மெல்லிய தகட்டின்மேல் தொங்கவிட்டிருந்தார்கள். பலம் சேர்க்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு, டார்ஷன் பார்கள் இருந்த, தொடவே வேண்டாத குறுக்குக் குழாயின் முனைகளைக் கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ, இருக்கைக்கு அடியில் உயிரற்றுக் கிடந்தது. அந்த மாதிரியை உற்பத்தி செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று என்பது விசாரித்த பிறகே தெரிந்தது. புதியதும் போயிற்று, பழையதும் இல்லை என்ற நிலையில் அந்த வண்டி வந்து நின்றது. அதன் சொந்தக்காரர் இளைஞர். பல ஆண்டுகள் சேமித்து வாங்கியவர். செய்தியை அவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் நான் கண்டதை மறக்க முடியாமல்தான் இம்மடலை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்டுட்கார்ட் நகரத்திற்கு அருகே ஒரு சிறு பட்டறையில் முப்பது ஆண்டுகளாக நான் செய்துவருவது சக்கரத்துக்கும் பாடிக்கும் இடைப்பட்ட வேலை. மனம் விட்டு எழுத என் தாய்மொழியே எனக்கு வசதியாக இருக்கிறபடியால் தமிழில் எழுதுகிறேன். உங்களில் இதைப் படிக்கக் கூடியவர்கள், படிக்க இயலாத நண்பர்களுக்கும் இதன் சாரத்தை எடுத்துச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

புதுமைக்கு விரோதி பேசுகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், நரம்புக் கோளாறினால் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இனி இவ்வண்டியை விற்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று எண்ணியிருந்த ஒரு முதியவருக்காக, ஓட்டும்போதே இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக்குகளை நானே என் கையால் பொருத்தினேன். வேலை முடிந்த அன்று ஷ்வார்ட்ஸ்வால்டு மலைச்சாலையில் அவர் பக்கத்தில் அமர்ந்து சென்றேன். கருங்கல் பாவிய ஒரு கிராமத்துத் தெருவில் நுழைந்தபோது, வழக்கமாகக் கண்ணாடிகள் எல்லாம் கலகலக்கும் அந்த வண்டி, சக்கரங்கள் கீழே துடித்துக்கொண்டிருக்க, மேலே அசையாமல் மிதந்து சென்றது. ஊரைக் கடந்து வளைவுகள் தொடங்கியதும், அதே வண்டி இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டதுபோல் நிமிர்ந்து திரும்பிற்று. அந்த முதியவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின்மேல் இரு கைகளையும் வைத்தபடி சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். வண்டியை அவர் விற்கவில்லை. இந்த நன்மையை உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

அந்த நன்மை எதனால் விளைகிறது என்பதை அறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பினும், வாங்குமுன் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஷாக் அப்சார்பர் என்பது எண்ணெய் நிறைந்த ஒரு குழாய். எண்ணெய் புகுந்து செல்லும் துவாரம் சிறுத்தால் இறுகும், பெருத்தால் தளரும். பாடி விநாடிக்கு ஒன்றிரண்டு முறை மெல்ல ஊசலாடும் சுபாவமுடையது. சக்கரமோ பத்துப் பன்னிரண்டு முறை துடிக்கும். ஒரே அளவில் செய்துவிட்ட துவாரம் இந்த இரண்டிற்கும் நியாயம் செய்ய இயலாது. ஆதலால் பழைய ஷாக் எப்போதுமே ஒரு சமரசம். ஆகாயத்தில் ஒரு கொக்கியை அடித்து அதிலிருந்து ஷாக்கைத் தொங்கவிட்டால் பாடி எப்படி அசையாமல் இருக்குமோ, அதுபோன்ற பலனைத் துவாரத்தைக் கணத்துக்குக் கணம் மாற்றுவதாலேயே பெரும்பாலும் பெறலாம் என்று ஆய்வாளர் டீன் கார்னப்பும் அவருடைய கூட்டாளிகளும் 1974ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார்கள். இன்று உங்களுக்கு விற்கப்படுவது இதுதான்: அசைவை அளக்கும் உணரிகள் பாடியில் இருக்கின்றன, ஒரு சிறு கணினிப் பெட்டி அவற்றைக் கேட்டு, ஷாக்கினுள் இருக்கும் மின்வால்வை ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்குக்குள் திறந்து மூடுகிறது. இதற்கு 'ஆக்டிவ்' என்று பெயர் சூட்டினாலும், 1992ஆம் ஆண்டில் நைஜல் மான்செல்லுக்கு ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வாங்கித் தந்த வில்லியம்ஸ் வண்டியில் இருந்து, 1994ஆம் ஆண்டு முதல் அப்பந்தயங்களில் தடை செய்யப்பட்ட அமைப்பைப்போல், எண்ணெய் அழுத்தத்தினால் சக்கரத்தைத் தானே தள்ளித் தூக்கும் சக்தி இதற்குக் கிடையாது. இது தடுக்க வல்லதேயன்றித் தூக்க வல்லதன்று. பாரத்தைத் தாங்குவது அப்போதும் ஸ்பிரிங்கின் கடமையே. இதை மனத்தில் இருத்திக்கொண்டீர்களானால், ஷாக்கை மாற்றுவதற்காக ஸ்பிரிங்கையும் கழற்றி எறிவது அவசியந்தானா என்ற கேள்வி தானே எழும்.

நீங்கள் எறிந்துவிட எண்ணும் அந்த ஸ்பிரிங்கைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 1963ஆம் ஆண்டில் பிராங்பர்ட் கண்காட்சியில் இவ்வண்டி அறிமுகமானது முதல் 1989ஆம் ஆண்டு வரையில், பாரம் சுமந்தது டார்ஷன் பார் என்னும் அந்த உருக்குத் தண்டுதான். ஆரம்பகால வண்டிகளில் பின்தண்டின் குறுக்களவு 23 மில்லிமீட்டர், ஒரு பெருவிரலின் பருமன். அதன் ஒரு முனையில் 40 பற்கள், மறுமுனையில் 44 பற்கள். வண்டியின் உயரத்தைச் சிறிது மாற்ற வேண்டுமாயின், உள்முனையை ஒரு பல் ஒருபுறமும் வெளிமுனையை ஒரு பல் எதிர்ப்புறமும் நகர்த்துவோம். ஒன்பது பாகைக்கும் எட்டேகால் பாகைக்குச் சற்றுக் குறைவானதற்கும் உள்ள வித்தியாசம், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பாகை, நமக்குக் கிடைக்கும். திருகும் இல்லை, மின்சாரமும் இல்லை. இரண்டு எண்களின் வித்தியாசத்தைக்கொண்டே இவ்வளவு நுட்பமான அளவை அமைத்த மூளையை நினைத்து, கிரீஸ் படிந்த கையோடு நான் எத்தனையோ முறை வியந்திருக்கிறேன். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த மெக்கானிக், பற்களை எண்ணும்போது மட்டும் பட்டறையில் ரேடியோவை நிறுத்தச் சொல்வார். இன்னும் சிறிது கடினமான ஸ்பிரிங் வேண்டும் என்பவர்களுக்கும் இதிலேயே வழி உண்டு: தண்டின் விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் அடுக்கில் உயர்வதால், 23 மில்லிமீட்டர் தண்டை எடுத்துவிட்டு 27 மில்லிமீட்டர் தண்டைச் செருகினாலே விறைப்பு ஏறத்தாழ இரட்டிக்கும், வண்டியின் ஒரு தகட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

இந்தச் சஸ்பென்ஷன் பழையதாகிவிட்டது, வளைவில் பயமுறுத்துகிறது, உடம்பைக் குலுக்குகிறது என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வருகிறவர்களின் வண்டிகளைத் தூக்கிப் பார்த்தால், பெரும்பான்மையானவற்றில் நான் காண்பது நோய்ப்பட்ட அவயவங்களையே. டார்ஷன் பாரின் வெளிமுனையில் உள்ள ஸ்பிரிங் தட்டைத் தாங்கும் ரப்பர் புஷ், நாற்பது ஐம்பது ஆண்டுகள் பாரம் சுமந்து ஒருபுறமாக நசுங்கி, உள்ளே இருக்க வேண்டிய உலோகம் நடுவிலிருந்து விலகியிருக்கும். பால் ஜாயிண்டைக் கையால் அசைக்க முடியும். ஷாக்கின் எண்ணெய் கசிந்து வெளியே மண் ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட வாரத்தையும் ஆண்டையும் படித்தால், பட்டன்கள் குறையாவிடினும் அந்த ரப்பர் கல்லாகிவிட்டது தெரியும். இந்த நிலையில் உள்ள வண்டியை ஓட்டிப் பார்த்து அதன் அமைப்பையே குறை கூறுவது, காய்ச்சலில் கிடக்கும் பாடகனின் குரலைக் கேட்டு அவன் சங்கீதத்துக்கு மதிப்புப் போடுவதை ஒக்கும். புஷ்களைப் புதிதாக இட்டு, நல்ல ஷாக்குகளும் டயர்களும் பூட்டி, நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளின்மேல் நிறுத்தி மூலைக்கு மூலை பாரத்தைச் சமன் செய்து, பிறகு ஒரு முறை, ஒரேயொரு முறை, உங்களுக்குப் பிடித்த சாலையில் ஓட்டிப் பாருங்கள். அதன்பின்னும் புதியது வேண்டும் என்று தோன்றினால், அப்போது தோன்றுவது உண்மையான தேவை. அவ்வாறு ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் திரும்பி வந்து, ஒன்றும் வேண்டாம், இதுவே போதும் என்று சொன்னதுண்டு.

இனி, என் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். டார்ஷன் பார் வண்டியில் பாரம் குறுக்குக் குழாயின் வழியாகப் பாடியில் இறங்குமாறு கட்டப்பட்டிருக்கிறது. ஷாக்கின் மேல்முனை பற்றியிருக்கும் இடம், ஷாக்கின் உதைப்பை மட்டும் ஏற்கும் பொருட்டு அமைந்தது. காயில் ஸ்பிரிங்கை ஷாக்கைச் சுற்றி மாட்டிய உடனே, எஞ்சினைப் பின்னால் சுமக்கும் இவ்வண்டியின் பின்பாரம் அவ்வளவும், பள்ளத்தில் விழும்போது அதன் பன்மடங்கும், அந்த இடத்தைப் போய்ச் சேர்கிறது. நன்கு அறிந்தவர்கள் அங்கே உள்ளும் புறமும் தகடு வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்துவார்கள்; அறியாதவர்கள் அப்படியே போல்டைப் பூட்டி அனுப்புவார்கள். முன்னவர் செய்வது மீட்க முடியாத மாற்றம். பின்னவர் செய்வது நான் விளக்கொளியில் கண்ட அந்தக் கோடு. இரண்டும் வேண்டாம் என்பதே என் கட்சி. டார்ஷன் பாரை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டு, பழைய ஷாக் இருந்த அதே துளையில், அதே போல்டில் பூட்டக்கூடிய மின்னணு ஷாக்குகள் கிடைக்கின்றன. நான் அந்த முதியவருக்குப் பூட்டியது அவ்வகையே. ஒரு சனிக்கிழமைப் பொழுதில் அவற்றைக் கழற்றிவிட்டுப் பழையவற்றைத் திரும்ப மாட்டலாம். கழற்றிய பிறகு வண்டியில் ஒரு வடுவும் இராது.

கழற்ற வேண்டிய நாள் எதற்காக வரப்போகிறது என்று நீங்கள் கேட்பீர்களாயின், உங்கள் வண்டியின் சரித்திரத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டு மாடலாக வந்த 911ஈ வண்டிகளின் முன்புறத்தில், டார்ஷன் பார்களை நீக்கிவிட்டு, போகே நிறுவனம் தயாரித்த, எண்ணெயும் வாயுவும் நிறைந்த புதுவகைத் தூண்களைத் தொழிற்சாலையே பொருத்தி அனுப்பிற்று. சக்கரம் ஏறி இறங்கும் அசைவைக்கொண்டே தம்மைத் தாமே பம்ப் செய்துகொண்டு, எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டியின் மூக்கை ஒரே உயரத்தில் நிறுத்தும் அற்புதமான அமைப்பு. அக்காலத்தின் ஆக்டிவ் சஸ்பென்ஷன் என்றே அதைச் சொல்லலாம். ஆண்டுகள் சென்றன, ரப்பர் சீல்கள் தளர்ந்தன, தாங்குவதற்கு டார்ஷன் பார் இல்லாதபடியால் வண்டிகள் மூக்கைத் தரையில் தாழ்த்திக்கொண்டு நின்றன. மாற்றுத் தூண்கள் அரிதாகிவிட்டதனால் சொந்தக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பழைய முறைக்கே திரும்பினார்கள். கழற்றிய தூண்களில் எத்தனையோ குப்பைக்குப் போயின; இன்று தம் 911ஈ வண்டியைப் பிறந்த கோலத்தில் காண விரும்புகிறவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். இவ்வளவு தேர்ச்சியுள்ள பொறியியலாளர்கள் தம் சொந்த வண்டிக்குச் செய்த புதுமையின் கதியே இதுவானால், இன்று நாம் பொருத்தும் கணினிப் பெட்டி, அதன் மென்பொருள், அதை இயக்கத் தேவைப்படும் கைப்பேசிச் செயலி ஆகியவற்றின் ஆயுளைப்பற்றி நாம் எவ்வளவு நிச்சயமாக இருக்க முடியும்? உருக்குத் தண்டு அறுபது ஆண்டுகளாக உழைக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய கைப்பேசியை உங்களில் எத்தனை பேர் இன்றும் உபயோகிக்கிறீர்கள்?

இது என் வண்டி, என் பணம், என் இஷ்டம் என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உரிமையை நான் மறுக்கவில்லை. இவ்வண்டியைச் செய்தவர்களே அதை ஓயாமல் திருத்திவந்தவர்கள்: பின்பாரத்தினால் முன்பக்கம் நிலையிழப்பதைக் கண்டு, ஆரம்பகால வண்டிகள் சிலவற்றின் முன்பம்பரின் இரு மூலைகளிலும் 11 கிலோ வார்ப்பிரும்பை மறைத்து வைத்தார்கள்; அது போதாதென்று 1969 மாடலில் பின்சக்கரத்தையே பின்னுக்குத் தள்ளி, சக்கரங்களின் இடைவெளியை 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 ஆக்கினார்கள். பிற்காலத்தில் 959 என்ற வண்டியில், உயரத்தையும் ஷாக்கின் இறுக்கத்தையும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே மாற்றும் வசதியையும் கொடுத்தார்கள். ஆகவே திருத்துவது துரோகம் என்ற வாதம் எனக்கு உடன்பாடன்று. ஆனால் அந்த 1973ஆம் ஆண்டு வண்டியை நான்கு பேர் என் வண்டி என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று சொல்வது ஐந்தாமவர். ஆறாமவர் ஒருவேளை இன்னும் பிறக்கவில்லை. கிரைண்டரை எடுத்த கணத்தில் அந்த மூன்றாமவரோ நான்காமவரோ தம் இஷ்டத்தை மட்டுமா நிறைவேற்றிக்கொண்டார்? பின்னால் வந்த இளைஞனின் இஷ்டத்தையும் அவரே தீர்மானித்துவிட்டார். சட்டமும் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 1997ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியில் முப்பது வயது கடந்த வண்டிகளுக்கு அளிக்கப்பட்டுவரும், 'எச்' என்ற எழுத்தில் முடியும் நம்பர் பிளேட்டை நீங்கள் வைத்திருந்தால், அக்காலத்துக்குப் பொருந்தாத மாற்றம் அந்தத் தகுதியையே பறித்துவிடக்கூடும். பரிசோதகரைக் கலந்தாலோசிக்காமல் ஒரு போல்டையும் கழற்றாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைத் தயங்கித் தயங்கியே சொல்கிறேன். வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பாரம் விலகிச் சுழற்ற வருவது இவ்வண்டியின் சுபாவம். அது நடக்குமுன் ஸ்டியரிங் கையில் இலேசாவதையும், பின்புறம் அமர்ந்திருந்த விதம் மாறுவதையும் உணர்ந்தே நாமெல்லாம் ஓட்டக் கற்றோம். நல்ல மின்னணு ஷாக் சக்கரத்தைத் தரையோடு ஒட்டிவைக்க உதவும். டயரின் பிடிப்புக்கு மேல் ஒரு அணுவளவும் அது கூட்ட மாட்டாது. அசைவுகள் குறைந்து வண்டி சாதுவாகிவிட்டதுபோல் தோன்றும்போது வேகம் தன்னையறியாமல் ஏறும். எல்லையோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே பொருத்திய முதல் வாரத்தில் தெரிந்த சாலையில், தெரிந்த வேகத்துக்கும் குறைவாகவே ஓட்டுங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, நான் கேட்பது இதுவே. முதலில் வண்டியின் நோயைத் தீர்த்து, அதன் இயல்பான குரலைக் கேளுங்கள். பிறகும் வேண்டுமென்றால், டார்ஷன் பாரை விட்டுவைக்கும் ஷாக்குகளையே தேர்ந்தெடுங்கள். பட்டறைக்காரர் வெட்டவோ, துளையிடவோ, வெல்டிங் செய்யவோ வேண்டும் என்று சொன்னால், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லுங்கள். மின்சாரத்துக்காகப் பழைய ஒயரிங்கை அறுக்க விடாதீர்கள். பாட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுப்பது ஒரு மணி நேர வேலைதான். கழற்றிய பழைய ஷாக்குகளையும், புஷ்களையும், ஒவ்வொரு போல்டையும் வாஷரையும் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, இடது வலது என்று எழுதிக் கட்டி, ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். டார்ஷன் பாரைக் கழற்றவே நேர்ந்தால், இடத்தை மாற்றிவிடாமலிருக்க அதன் மேலுள்ள அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, பெயிண்டில் கீறல் விழாமல் துணியில் சுற்றி வையுங்கள். மேற்பரப்பில் விழும் சிறு கீறலே பின்னாளில் அத்தண்டு முறிவதற்குக் காரணமாகும். எந்தத் தேதியில், எந்த உயரத்தில், எத்தனை பல் நகர்த்தி, என்ன பூட்டினீர்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில், சாவியைக் கொடுக்கும் அதே கையால் அந்தப் பெட்டியையும் கொடுங்கள்.

அந்த 1973ஆம் ஆண்டு வண்டி இன்னும் எங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. வேறொரு சிதைந்த வண்டியிலிருந்து குறுக்குக் குழாயின் முனைகளை வெட்டியெடுத்து ஒட்டியிருக்கிறோம். ஷாக் பிடிக்கும் இடத்தைச் சீராக்கியாயிற்று. ஆனால் அந்த வண்டிக்குரிய பழைய ஸ்பிரிங் தட்டுகளும் மூடிகளும் இன்னும் கிடைத்தபாடில்லை. பழைய இரும்பு என்று எண்ணி உங்களில் யாரேனும் கொட்டகையின் மூலையில் அவற்றைப் போட்டு வைத்திருந்தால், எறிந்துவிடாதீர்கள். துடைத்து எடுத்து வையுங்கள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், அந்த இளைஞனும் நானும் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
உங்கள் வண்டிகளின் அடியில் வேலை செய்யும் ஒருவன்